ஏழாம் தாள்

ஜனவரி 2

பேப்பர் ஏஜென்ட் வருஷா வருஷம் கொடுக்கிற டைரி. போன வருஷத்து டைரியில் வேதவல்லி கோலம் போட்டுப் பழகினாள். அதற்கு முந்தையது ஆடுகிற மேஜைக்கு முட்டு. இந்த வருஷம் அரசியின் உத்தரவு.

"அப்பா, நீங்க பேசறத உட்கார்ந்து கேக்க இப்ப எனக்குத் தெம்பு பத்தல. இதுல எழுதி வைங்க. சாவகாசமா படிச்சுக்கறேன்."

முதல் பக்கத்தில் நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன். பெயர் தெய்வசிகாமணி. வயது அறுபத்து மூன்று. படிப்பு எஸ்.எஸ்.எல்.சி., இரண்டு தடவை எழுதியதால் எனக்கு மற்றவர்களை விட ஆழமாகத் தெரியும். மன்னார்குடி தாலுகா ஆபீஸுக்கு எதிரே 'அரசி ஜெராக்ஸ்' கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், மனு டைப் அடித்துத் தருதல். மனைவி வேதவல்லி. ஒரே மகள் மங்கையர்க்கரசி, கடைக்கு இருக்கும் பெயர் அவளுடையது. திருவாரூரில் டிராயிங் டீச்சர். நவம்பரிலிருந்து லீவில் வீட்டில் இருக்கிறாள். கொஞ்சம் அசதி. தஞ்சாவூரில் காட்டுகிறோம்.

ஜனவரி 5

இன்று அரசியின் படங்களை வெயில் படாத அறைக்கு மாற்றினோம். அவள் கட்டிலிலிருந்தே மேஸ்திரி வேலை பார்த்தாள். நான் சித்தாள்.

இந்தப் படங்களைப் பற்றி எழுதாமல் அவளைப் பற்றி எழுத முடியாது. வடுகநாதன் என்று ஓர் ஓவியர் இருந்தார். பழைய பாட்டுகளில் பாலைத் திணை என்று ஒன்று வருமே, வறண்ட காடு, பிரிந்து போகிற ஜனங்கள், அதை வைத்துப் பன்னிரண்டு படம் போட்டார். சாதாரண அச்சு இல்லை, கல்லச்சு. பெரிய கல்லின் மேல் எண்ணெய்ப் பென்சிலால் வரைந்து, தண்ணீர் விட்டு, மை உருட்டி, தாளை வைத்து அழுத்தி எடுப்பது. ஒவ்வொரு படமும் இருபத்தைந்து பிரதிதான். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் நம்பரும் கையெழுத்தும். இருபத்தைந்து முடிந்ததும் கல்லைத் தேய்த்து அழித்துவிடுவாராம்.

அழித்துவிடுவாராம். முப்பது வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவனிடம் சொல்கிற பேச்சா இது? நான் அப்படிச் செய்தால் தாலுகா ஆபீஸ் நின்று போகும்.

படங்களும் லேசுப்பட்டவை இல்லை. ஒன்றில் கள்ளிச் செடியில் வளையல் காய்த்துத் தொங்குகிறது. ஒன்றில் யானை, தும்பிக்கையிலிருந்து தண்ணீருக்குப் பதில் பெண்ணின் தலைமுடி கொட்டுகிறது. ஏழாவதில் ஒரு வீடு, கால் முளைத்து, மணல்காட்டுக்கு நடந்து போய் அங்கே குனிந்து நிற்கிறது. ஆக்கிரமிப்பு அகற்ற வந்துவிட்டார்கள் போல என்று நான் சொன்னபோது அரசி ஒரு நாள் முழுக்கச் சிரித்தாள். சர்ரியலிசமாம். "கனவுல ஒரு நியாயம் இருக்கும்லப்பா, அந்த நியாயத்துல வரையறது" என்றாள்.

முதல் சம்பளத்தில் முதல் படம் வாங்கினாள். பன்னிரண்டும் சேர பத்து வருஷம் ஆயிற்று. பெண்கள் நகை சேர்க்கிற வயதில் இவள் கல்லைத் தேய்த்து அழித்த படங்களைச் சேர்த்தாள்.

அதில் என் பங்கும் ஒன்று உண்டு. மூன்று வருஷம் முன்பு அவள் டிரெயினிங் போயிருந்தபோது ஏழாம் தாள் மேஜையில் இருந்தது. ஓரத்தில் வெள்ளிப்பூச்சி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. விடுவேனா? பெரிய மெஷினில் ஓட்டி, இரண்டு பக்கமும் கெட்டி பிளாஸ்டிக் போட்டு, லேமினேட் செய்து வைத்துவிட்டேன். வந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். "நல்லா பளபளன்னு இருக்குப்பா" என்றாள். பன்னிரண்டில் பூச்சி, புழு, மழை எதுவும் தொட முடியாதது அது ஒன்றுதான். கடையில் என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டாள். மாட்டியிருக்கிறேன். பட்டா வாங்க வருகிறவர்கள் வீட்டுக்குக் கால் எதற்கு என்று கேட்கிறார்கள்.

ஜனவரி 9

தஞ்சாவூர் போய் வந்தோம். திரும்பும்போது ஜன்னல் சீட் கிடைத்தது.

ஜனவரி 15

பொங்கல். அரசி இரண்டு ஸ்பூன் சாப்பிட்டாள். இனிப்பு தூக்கல் என்று வேதாவைக் குற்றம் சொன்னாள். வேதா அடுப்படிக்குப் போய் வெகு நேரம் பாத்திரம் கழுவினாள். பாத்திரம் அவ்வளவு இல்லை.

மாலையில் அரசி கூப்பிட்டாள். சென்னையில் ஓர் ஓவியக் காட்சியகத்துக்குக் கடிதம் எழுத வேண்டும், நான் டைப் அடிக்க வேண்டும் என்றாள். பன்னிரண்டு படங்களையும் இலவசமாகக் கொடுத்துவிடப் போகிறாளாம்.

"பத்து வருஷமா சேத்தத எதுக்கும்மா குடுக்கற?"

"ஒண்ணா இருக்கணும்ப்பா. அவர் கதை மாதிரி வரிசையா போட்டது. பிரிச்சா ஒண்ணுமில்ல. ஆளுக்கு ஒண்ணா கேட்டு வாங்கிட்டுப் போயிடுவாங்க, நீங்களும் இல்லன்னு சொல்ல மாட்டீங்க."

"நீ இல்லன்னு சொல்லேன்."

அவள் முகவரியைச் சொல்ல ஆரம்பித்தாள். கடிதத்தை நான்கு பிழையோடு அடித்தேன். நான்கையும் கண்டுபிடித்தாள். வாத்தியார் புத்தி.

ஜனவரி 27

காட்சியகத்திலிருந்து பதில். பர்ஹானா என்ற அதிகாரி எழுதியிருக்கிறார். மரியாதையான கடிதம்தான். அரசி செல்போனில் எடுத்து அனுப்பிய படங்களைப் பார்த்தார்களாம். வடுகநாதனின் முழு வரிசை இதுவரை எங்கும் ஒரே இடத்தில் இல்லையாம், கிடைத்தால் தனி அறை ஒதுக்கி அவள் பெயரையும் போடுவார்களாம். ஆனால் ஏழாம் தாளை ஏற்க முடியாதாம். சூட்டில் பசை தாளுக்குள் இறங்கிவிட்டதாம். இனிப் பிரிக்க முடியாது, அது பாழான பிரதி. பதினொன்றாக வாங்குவது அவர்கள் விதியில் இல்லையாம். வேறொரு ஏழாம் தாள் கிடைத்தால் தெரிவிக்கவும்.

கடையில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருத்தர் ஆதார் ஜெராக்ஸ் கேட்டார். ஒன்று கேட்டதற்கு ஒன்பது எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"என்னன்னுப்பா?"

"அப்பா கெடுத்துட்டீங்கன்னு."

"அவ்வளவு சந்தோஷமா நின்னுட்டிருந்தீங்க. கையில வேற பிரியாணி பொட்டலம். எனக்குப் பிறந்தநாள்னு."

"திட்டியிருக்கலாமே."

"திட்டினா ஒட்டினது பிரிஞ்சிருமா?" என்று சொல்லி, என் கையைப் பிடித்து அவளே சிரித்தாள்.

வேறு ஏழாம் தாள் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். எழுதியும் வைக்கிறேன். எழுதினால் நகல் மாதிரி, மறுக்க முடியாது.

ஜனவரி 28

லேமினேஷன் மெஷினைத் துணி போட்டு மூடினேன். ரேஷன் கார்டோடு வந்தவர்களைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினேன்.

பிப்ரவரி 1

ஓவியர் உயிரோடு இல்லை. அவர் மனைவி கோமளம் அம்மாள் சென்னையில் இருக்கிறார். எந்தப் பிரதி யாரிடம் போயிற்று என்று அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறதாம். போனில் பெயர்களைப் படித்தார்.

"ஏழாவதா? அதுல ஒம்போது வெளிநாட்டுக்குப் போயிருச்சு. நாலு பேர் பேருக்கு நேரா அவரே சிலுவை போட்டு வெச்சிருக்கார்."

"சிலுவைன்னா?"

"செத்துட்டாங்கன்னு இல்லப்பா. படத்தைக் கெடுத்துட்டாங்கன்னு. அவருக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அடுத்த சிலுவைக்கு உரியவன் பேசுகிறேன் என்று சொல்லவில்லை. மிச்சம் பன்னிரண்டு பெயர், அரசியுடையதைத் தவிர பதினொன்று, எழுதிக்கொண்டேன்.

பிப்ரவரி 4

பதினோரு பேரில் ஏழு பேருக்குப் போன் போட்டாயிற்று. இரண்டு நம்பர் உபயோகத்தில் இல்லை. ஒருவர் வீடு மாறியபோது தொலைத்துவிட்டார். ஒருவர் மகனுக்கு அது என்னவென்றே தெரியவில்லை, "கால் வெச்ச வீடா? பேய்ப்படம்னு அம்மா தூக்கிப் போட்டுட்டாங்க" என்றான். சேலத்தில் ஒரு கண் டாக்டர் வெயில் படும் சுவரில் மாட்டி வைத்திருந்தாராம், வீடு மட்டும் இருக்கிறது, காடு வெளுத்துவிட்டது. கோயம்புத்தூரில் ஒருத்தர் என்னை இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என்று நினைத்து வைத்துவிட்டார். இன்னொருவர் தரமாட்டேன் என்று நேரடியாகச் சொன்னார், அவரைத்தான் எனக்குப் பிடித்தது.

அரசி ஒவ்வொரு போனையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். "நீங்க மனு டைப் அடிக்கற மாதிரியே பேசறீங்க. 'மேற்படி படமானது' எல்லாம் சொல்லாதீங்க" என்றாள்.

பிப்ரவரி 8

இன்று அவளுக்குக் கொஞ்சம் தெளிவு. தலைக்கு வேதா பருத்தித் துணி கட்டிவிட்டாள், பார்க்க சினிமாக் கொள்ளைக்காரி மாதிரி இருந்தாள். இத்தனை வருஷத்தில் கேட்காததை இன்று கேட்டேன்.

"அந்த ஏழாவது படத்துக்கு என்னதான் அர்த்தம்?"

"பழைய பாட்டுல ஒரு பொண்ணு, பிடிச்சவனோட வீட்டை விட்டுக் கிளம்பி பாலை வழியாப் போயிடுவா. வளத்த அம்மா தேடிக்கிட்டுப் பின்னாடியே போவா. எதிர்ல வர்றவங்களை எல்லாம் நிறுத்தி, என் பொண்ணைப் பாத்தீங்களான்னு கேப்பா. இவரு அம்மாவைப் போடாம வீட்டையே போட்டுட்டாரு. வீடே எழுந்து தேடிக்கிட்டுப் போகுது."

"கிடைச்சாளா?"

"கிடைக்க மாட்டாப்பா."

"சரி, அப்பன் எங்க?"

கொஞ்சம் யோசித்தாள். "அந்தப் பாட்டுல எல்லாம் அப்பா பேசறதில்லப்பா."

"கடையைத் திறந்து வெச்சுட்டு உட்கார்ந்திருப்பான், மடையன்."

சிரித்ததில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. வேதா என்னை முறைத்தாள். எட்டாவது பெயருக்கு மாலையில் போன் போட்டேன். திருச்சி, அன்னபூரணி அம்மாள். படம் இருக்கிறது, நேரில் வாருங்கள், ஆனால் தருவேன் என்று நினைத்து வராதீர்கள் என்றார்.

பிப்ரவரி 11

திருச்சி. தில்லைநகரில் மாடி வீடு. அன்னபூரணி அம்மாளுக்கு எழுபத்திரண்டு வயது, தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். படத்தைச் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே மாட்டி, வெளிச்சம் படாமல் பருத்தித் துணியில் சின்னத் திரை போட்டிருக்கிறார். சாப்பிடும்போது மட்டும் திரையை விலக்குவாராம்.

"என் பொண்ணு சொல்லாமக் கொள்ளாமப் போன வருஷம் வாங்கினேன். பத்தொம்பது வருஷம் ஆச்சு. அவ எங்க இருக்கான்னு தெரியும், போனதில்ல. இதைப் பாத்துக்கிட்டேதான் ரெண்டு வேளை காப்பி குடிக்கறேன். இதை எப்படி சார் குடுக்கறது?"

நியாயம்தான். நான் மறுக்கவில்லை. ஆக்கிரமிப்பு அகற்றும் ஜோக்கைச் சொன்னேன். அவரும் சிரித்தார். காட்சியகம், முழு வரிசை, தனி அறை எல்லாவற்றையும் சொன்னேன். என் லேமினேஷன் வீரத்தையும் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"உங்க பொண்ணு வரலையா? அவங்களோட பேசினா நல்லா இருக்குமே."

ஸ்கூலில் பரீட்சை நேரம், வேலை ஜாஸ்தி என்றேன். லீவில் படுத்திருக்கிறாள் என்று சொன்னால் மரியாதையாக இருக்காது.

"அப்ப ஒண்ணு செய்யலாம். என் காலத்துக்கு அப்புறம் இது உங்க பொண்ணுக்குத்தான்னு எழுதிக் குடுத்துடறேன். சின்னப் பொண்ணுதானே, காத்திருக்கலாம்ல?"

"தாராளமா காத்திருப்பாம்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன். நாற்காலி போட்டுக் கொடுத்து உள்ளே போய்விட்டார். அரை மணி நேரம் பார்த்தேன். நல்ல படம்.

பிப்ரவரி 12

அரசியிடம் பாதி கிணறு தாண்டிவிட்டோம் என்றேன். வேதா, "மீதி?" என்றாள்.

பிப்ரவரி 16

தஞ்சாவூர். இனிமேல் இவ்வளவு தூரம் அலைய வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று. அந்த வடுவூர் ரோட்டில் ஆட்டம் தாங்காது.

பிப்ரவரி 19

(அரசியின் கையெழுத்தில்:) அப்பா, இன்னைக்கு வரைக்கும் எல்லாம் படிச்சிட்டேன். நல்லா எழுதறீங்க. டாக்டர் சொன்னதை மட்டும் எழுதல. பரவால்ல.

பிப்ரவரி 20

அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். கடைக்கு ஆள் வந்துவிட்டது.

பிப்ரவரி 23

காலையில் வேதா என் சட்டைப் பையிலிருந்து பெயர்ச் சீட்டை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். பத்து நிமிஷம் கழித்து முகம் கழுவிக்கொண்டு இறங்கினாள். மத்தியானம் திருச்சியிலிருந்து போன் வந்தது. "நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போங்க சார். முதல் பஸ்ஸுக்கே வாங்க" என்றார் அன்னபூரணி அம்மாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

வேதா என்ன சொன்னாளோ. நான் கேட்கவில்லை.

அரசியிடம் சொன்னேன். கண்ணைத் திறந்து, "முதல் பஸ் எத்தனை மணிக்கு?" என்றாள். தாளை மடிக்காமல் கொண்டு வர வேண்டும், இரண்டு அட்டைக்கு நடுவே வைக்க வேண்டும், விரல் ஓரத்தில்தான் பட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். கடையிலிருந்து நல்ல கெட்டி அட்டையாக இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 24

திருச்சி போகவில்லை.

மார்ச் 4

சாமியானாக்காரர் மூன்று நாற்காலி குறைகிறது என்கிறார். பக்கத்து வீடுகளில் தேடி இரண்டு கண்டுபிடித்தேன்.

அரசி போய் ஒன்பது நாள் ஆகிறது.

மார்ச் 11

பதினாறாம் நாள் காரியம். எல்லாம் முடிந்து இலை போடுகிற நேரத்தில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அன்னபூரணி அம்மாள் இறங்கினார். டிரைவரைத் தொடவிடாமல், பழைய புடவையில் சுற்றிய படத்தைத் தானே சுமந்துகொண்டு வந்தார். திருச்சியிலிருந்து மடியிலேயே வைத்திருந்தாராம்.

வேதாவின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு ஏன் சார் சொல்லல?"

நான் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

"என் காலத்துக்கு அப்புறம்னு உங்ககிட்டயே சொன்னேனே. காத்திருப்பாளான்னு கேட்டேன். நீங்களும் தலையாட்டினீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே கழட்டிக் குடுத்திருப்பேனே சார். பதிமூணு நாள் பாத்துக்கிட்டு இருந்திருப்பாளே."

பதினொன்றாம் தேதியிலிருந்து இருபத்து நாலாம் தேதி. ஆமாம், பதிமூன்றுதான். நானும் எண்ணியிருந்தேன்.

"பரீட்சைன்னீங்களே" என்றார். கோபமாகக்கூட இல்லை. புடவையை மடித்து எடுத்துக்கொண்டார். சாப்பிடவில்லை.

மார்ச் 20

கடை திறந்தேன். ஒருவர் வாரிசுச் சான்றுக்கு மனு அடிக்க வந்தார். 'மேற்படி' என்று ஆரம்பித்து அதற்கு மேல் விரல் ஓடவில்லை. மெஷின் ரிப்பேர் என்று சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரல் 3

பர்ஹானா வந்தார். முப்பது வயது இருக்கும், வெள்ளைக் கையுறை, பூதக்கண்ணாடி. கூடத்தில் பெரிய மேஜை போட்டு, படங்களை ஒவ்வொன்றாக வைத்துப் படிவத்தில் எழுதிக்கொண்டே போனார். தாளின் நிலை, குறைகள் என்று கட்டம் கட்டமாகப் படிவம்.

முதல் தாளில் ஓரமாக மஞ்சள் நிறத்தில் கட்டைவிரல் தடம். எப்படி வந்தது என்றார். முதல் சம்பளத்தில் வாங்கி வந்த அன்று வேதா சாம்பாருக்கு அரைத்துக்கொண்டிருந்தாள், கையைக் கழுவக்கூடப் பொறுக்காமல் இவள் உறையைப் பிரித்துவிட்டாள் என்றேன். நான்காம் தாளில் நான்கு மூலையிலும் குண்டூசி ஓட்டை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தங்கிய ஹாஸ்டல் சுவர். ஒன்பதாம் தாளின் பின்பக்கம் பென்சிலால் ஐந்து நாற்பது, ஆறு பத்து என்று எழுதியிருந்தது. அது திருவாரூர் பஸ்.

"எல்லாத்தையும் குறைன்னுதான் எழுதணும் சார். படிவத்துல வேற கட்டம் இல்ல" என்றார். சொல்லும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எழுதுங்கம்மா" என்றேன்.

அன்னபூரணி அம்மாள் கொண்டு வந்த ஏழாம் தாளை வெகு நேரம் பார்த்தார். கறை இல்லை, ஓட்டை இல்லை, மடிப்பு இல்லை. குறை ஏதுமில்லை என்று எழுதினார். பன்னிரண்டில் அரசியின் கை படாதது அது ஒன்றுதான்.

கடைசியில் அறை வாசலில் மாட்டப் போகிற பலகைக்கான வாசகத்தைக் காட்டினார். 'ஓவியர் வடுகநாதனின் பாலை வரிசை. சேகரித்தவர் தெ. மங்கையர்க்கரசி.' அதன் கீழே 1989, ஒரு கோடு, பிறகு காலி இடம்.

"ஏழாம் தாள் கிடைச்சதுன்னு நீங்க எழுதின கடிதத்துல அந்த வருஷத்தைப் போடலை சார். அம்மாகிட்டக் கேக்கவும் கஷ்டமா இருந்தது."

படிவங்களை நிரப்பித் தருவது என் தொழில். அடுத்தவர்களுக்கு எத்தனையோ தடவை அந்தக் கட்டத்தை நிரப்பியிருக்கிறேன். பேனாவை வாங்கி, 2023 என்று எழுதினேன். பர்ஹானா பார்க்காத மாதிரி தாள்களைக் கட்ட ஆரம்பித்தார். பன்னிரண்டும் ஒரே பெட்டியில் போயின.

ஏப்ரல் 4

இந்த டைரியை இனிப் படிக்க ஆள் இல்லை. ஆகவே எழுதலாம்.

என் மகள் மங்கையர்க்கரசி பிப்ரவரி 24-ஆம் தேதி காலை ஆறே கால் மணிக்கு இறந்துபோனாள். ரத்தப் புற்றுநோய். பொங்கல் வரை தாங்கினால் பெரிய விஷயம் என்று நவம்பரிலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டு டாக்டர் சொன்னார். நான் அவரிடமும் ஏதோ ஜோக் சொன்னேன். என்னவென்று இப்போது ஞாபகமில்லை. அவர் சிரிக்கவில்லை.

திருச்சியில் நான் பொய் சொன்னது மரியாதைக்காக இல்லை. அந்த அம்மாளிடம் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தேன். அவ்வளவுதான்.

அன்று காலை நான் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பி, சட்டை போட்டு, அட்டை இரண்டையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போக வந்தேன். வேதா அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அரசி மூச்சு விடுவது தெருவரைக்கும் கேட்டது. கண் திறந்திருந்தது.

"அப்பா, பாத்தீங்கல்ல அன்னைக்கு? எப்படி இருக்கு?"

"அதான் கொண்டாரப் போறேனேம்மா. நீயே பாரு."

"இல்ல. சொல்லுங்க."

உட்கார்ந்தேன். வீடு பாவம், நடந்து நடந்து முட்டி வலியில் குனிந்து நிற்கிறது, தைலம் தேய்க்க ஆள் இல்லை என்று ஆரம்பித்தேன்.

"அப்பா. விளையாடாம."

சரி என்றேன். சொன்னேன். மணல் நம் படத்தில் கறுப்பாகப் பூசின மாதிரி இருக்கும், அங்கே அப்படி இல்லை, ஒவ்வொரு பொடியும் தனித்தனியாகத் தெரிகிறது, தொட்டால் கையில் ஒட்டும் போல இருக்கிறது என்றேன். வீட்டின் வாசல்கதவு திறந்திருக்கிறது, உள்ளே விளக்கு எரிகிறது, எரிய விட்டுவிட்டே கிளம்பி வந்திருக்கிறது என்றேன். ஜன்னல் இரண்டும் கீழே பார்க்கின்றன என்றேன். அவள் ஒவ்வொன்றுக்கும் இமையை மூடித் திறந்தாள். பிறகு கேட்டாள்.

"கீழ, வலது ஓரத்துல... அது இருக்காப்பா?"

எனக்குத் தெரியும் அவள் எதைக் கேட்கிறாள் என்று. திருச்சியில் அரை மணி நேரமும் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே எழுதவில்லை, அவள் படிப்பாள் என்று. எங்கள் படத்தில் அது இல்லை. ரொம்ப மெல்லிசான மையில் போட்டது, என் மெஷினின் சூட்டில் கரைந்து பிளாஸ்டிக்கோடு போய்விட்டது. அதனால் மூன்று வருஷமாக என் கடையில் அந்த வீடு எதையும் தேடாமல் சும்மா குனிந்து நின்றுகொண்டிருந்தது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு நாளும் சொல்லவில்லை.

"இருக்கும்மா" என்றேன். "ஒரே ஒரு கால் தடம். சின்னக் கால். கட்டைவிரல் மட்டும் நல்லா அழுந்தியிருக்கு."

"எந்தப் பக்கம் போகுது?"

"தாளுக்கு வெளியில."

"ம்" என்றாள்.

வேதா என் கக்கத்திலிருந்து அட்டைகளை எடுத்துக் கீழே வைத்தாள். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தெருமுனையைக் கடந்து போனது. நான் எழுந்திருக்கவில்லை.